சத்தமாப் படி

குழந்தை சத்தமாகப் படிப்பது காதில் விழுந்தால் வீட்டில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. அடுப்படியில் நிற்கும் அம்மாவுக்கு, திண்ணையில் பேப்பர் பார்க்கும் தாத்தாவுக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அடுத்த வீட்டுக்காரிக்கும்கூட. குரல் கொஞ்சம் தணிந்தால் உடனே உள்ளேயிருந்து வரும்: "சத்தமாப் படி." குரல் மறுபடி உயரும். இந்த நிம்மதியின் மேல் எனக்குப் பல வருடங்களாகச் சந்தேகம். தொடக்கப்பள்ளியில் பாடம் எடுத்த காலத்தில் தொடங்கியது, ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் தெருவில் நடக்கையில் ஏதாவது ஜன்னலிலிருந்து அந்தக் குரல் வந்தால் கால் தானாக நின்றுவிடுகிறது. குரலில் பிழை ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு வரியும் ஒரே ஏற்றம், ஒரே இறக்கம், முற்றுப்புள்ளியில் ஒரு இழுவை. எட்டிப் பார்த்தால் விரல் பக்கத்தின் மேல் நகர்ந்துகொண்டிருக்கும், கண் சுவரில் பூச்சிக்குக் காத்திருக்கும் பல்லியின் மேல் இருக்கும். வாய் தன் போக்கில் போய்க்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் அந்தக் குழந்தை செய்துகொண்டிருப்பது என்ன? படிப்பதாக நாம் நம்புகிறோம், குழந்தையும் அப்படித்தான் நம்புகிறது. படிப்பு என்றால் பெரியவர்கள் காதில் விழும்படி சத்தம் எழுப்புவது என்று அது நம்மிடமிருந்துதான் தெரிந்துகொண்டது. அப்படித் தெரிந்துகொண்ட குழந்தைக்குப் பின்னாளில் ஒரு புத்தகத்தோடு தனியாக உட்கார எப்படி மனம் வரும் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

இரண்டாம் வகுப்பில் ஒரு பாடத்தைத் தடங்கலில்லாமல் ஒப்பித்துவிடும் பிள்ளையிடம் அந்தப் பக்கத்தின் நடுவிலிருக்கும் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால், பல பிள்ளைகள் வரியின் தொடக்கத்துக்குப் போவார்கள். உதடு மட்டும் அசைய முதல் சொல்லிலிருந்து ஓடிவந்து, நான் தொட்ட இடத்துக்கு வந்ததும் அந்தச் சொல்லைச் சொல்வார்கள். சரியாகவும் சொல்வார்கள். எழுத்தைப் பார்த்து வந்த பதில் அல்ல அது, பாட்டின் நடுவில் ஓரடியைத் தேடி எடுத்து வந்தது. இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட காலம் இருக்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதி, வாய்விட்டுச் சொல்லி, சட்டாம்பிள்ளையிடம் ஒப்பித்துத்தான் பாடம் நடந்தது. உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் அந்தப் பள்ளிக்கூடத்து வாழ்க்கையை விரிவாக எழுதியிருக்கிறார். எழும்பூர் ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதையும் பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுப்பதையும் தன் விடுதியில் கைக்கொண்டு, 1797இல் அதைப் பற்றி லண்டனில் ஒரு சிறுநூலே வெளியிட்டார். ஏடு அரிதாக இருந்த காலத்தில் மனமே புத்தகம். எண்சுவடியும் நிகண்டும் நெஞ்சில் இருந்தால்தான் கையில் இருந்ததாகக் கணக்கு. அன்று அதற்கு நியாயம் இருந்தது. இன்று ஒவ்வொரு பிள்ளை கையிலும் அரசு இலவசமாகக் கொடுத்த பாடநூல் இருக்கிறது. ஆனாலும் அதைத் திறந்துவைத்துக்கொண்டு ஏடு இல்லாத காலத்துப் படிப்பையே படிக்கச் சொல்கிறோம்.

தமிழ் எழுத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. எழுதுவதுபோல் படிக்கலாம், எளிதான எழுத்து என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பெரியவர்களுக்கு எளிதுதான். ஆறு வயதுக் குழந்தை இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் அப்படித் தெரியவில்லை. 'கொ' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். காதில் விழுவது முதலில் க், பிறகு ஒ. கண்ணில் படுவது முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, அதன் பிறகு துணைக்கால். இடமிருந்து வலம் வா என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, இந்த இடத்தில் மட்டும் மூன்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டு நடுவிலிருந்து தொடங்கு என்கிறோம். துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் உள்ள வேறுபாடு அச்சில் நூலிழை அளவுதான். உகரத்துக்கு ஒரே அடையாளம் கிடையாது. கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி, மு வேறு மாதிரி. ஊகாரத்துக்குப் போனால் அதுவும் கலைந்துவிடும். 1978இல் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்றபோது ணா, றா, னா, ணை, லை முதலான 13 எழுத்துகளின் வடிவம் சீரானது. அதற்கு முன் படித்தவர்களுக்கு அது எவ்வளவு பாரத்தை இறக்கிவைத்தது என்று தெரியும். உகர ஊகார வரிசைகள் தொடப்படாமல் நின்றுவிட்டன. கன்னடம் படிக்கும் பிள்ளைகளை ஆராய்ந்து 2007இல் சோனாலி நாக் வெளியிட்ட கட்டுரை, நம் இந்திய எழுத்துமுறைகளில் எழுத்துகள் முழுவதும் வசமாவது நான்காம் வகுப்பு வரைகூட நீள்கிறது என்று காட்டியது. அதைப் படித்தபோது என் வகுப்பறை முழுவதும் நினைவுக்கு வந்தது. முதல் வகுப்பு அரையாண்டுக்குள் உயிர்மெய் முடிந்துவிட வேண்டும் என்று யாரோ எங்கோ போட்ட கணக்கின்படி நாங்கள் ஓடிக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் 'கௌ' வரை வாய்ப்பாடாகச் சொன்னார்கள், 'மூ'வைத் தனியாகக் காட்டினால் விழித்தார்கள்.

இன்னொன்று உண்டு, இதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. தமிழ் எழுத்து ஒலியை முழுவதும் எழுதிக் காட்டுவதில்லை. மிச்சத்தைக் காது நிரப்பிக்கொள்ளும் என்று நம்பி விட்டுவிடுகிறது. 'பக்கம்', 'பங்கு', 'பகல்' மூன்றிலும் க ஒன்றுதான், ஒலி வேறு வேறு. இதற்காவது எழுத்து நிற்கும் இடத்தை வைத்து ஒரு ஒழுங்கு சொல்லலாம். 'பழம்', 'பயம்' இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. ஒன்றில் உதடு வெறுமனே திறக்கிறது, மற்றொன்றில் அதிர்ந்து திறக்கிறது. எது எது என்பதற்கு எழுத்தில் ஒரு குறிப்பும் இல்லை. 'பாவம்' என்று எழுதியிருந்தால் நடனத்துப் பாவமா, செய்த பாவமா என்பதை வாக்கியத்தைப் புரிந்துகொண்டவர்தான் சொல்ல முடியும். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியே கிடையாது, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேற்றுமை கிடையாது, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. ஏற்கெனவே பாடலைக் கேட்டறிந்த காது இருந்தால்தான் ஏடு பேசும். வீரமாமுனிவர் கொம்பில் வேற்றுமை செய்ததும், ஆறுமுக நாவலர் உரைநடையில் சந்தி பிரித்து நிறுத்தக்குறிகள் இட்டு அச்சிட்டதும் அந்தச் சுமையைப் படிப்படியாகக் குறைத்தன. ஆனாலும் அச்சுக்கு வந்த பிறகும் தமிழ் வாசிப்பு பாதி காதை நம்பித்தான் இருக்கிறது. ஒரு சொல்லைக் கேட்டே அறியாத குழந்தை அதை எழுத்துக் கூட்டிப் படித்தால் அது சரியாக ஒலிக்குமா என்பதற்கே உத்தரவாதம் இல்லை. அப்படியிருக்க, பேச்சைக் கொடுக்காமல் எழுத்தை மட்டும் கொடுத்துவிட்டு, ஏன் வரவில்லை என்று குழந்தையைக் கேட்கிறோம்.

வேகத்தை அளப்பதும் இப்போது வந்துவிட்டது. 2021இல் தொடங்கிய நிபுண் பாரத் திட்டம் இரண்டாம் வகுப்புப் பிள்ளை நிமிடத்துக்கு 45 முதல் 60 சொற்கள் சரளமாக வாசிக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. வேகத்தை நான் இகழவில்லை. எழுத்தெழுத்தாகத் தட்டுத் தடுமாறி வரும் பிள்ளைக்கு வாக்கியத்தின் கடைசிச் சொல் வரும்போது முதல் சொல் மறந்துவிடும், பொருள் சேராது. ஓரளவு ஓட்டம் வந்தால்தான் மனம் பொருளுக்குத் திரும்பும். ஆனால் சொல்லை எண்ணுகிறோமே, எந்தச் சொல்லை? ஆங்கிலத்தில் நாலைந்து சொல்லாகப் பிரிந்து நிற்பது தமிழில் 'வந்துகொண்டிருந்தவர்களிடம்' என்று ஒரே சொல்லாக ஒட்டிக்கொண்டு நிற்கும். ஏழு வயதுப் பிள்ளை அந்த ஒரு சொல்லைக் கடக்க இரண்டு தடவை மூச்சு வாங்கும். நிமிடக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தால் பிள்ளை ஓடப் பார்க்கும், நின்று யோசிக்காது. 1986இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறமையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறமையும் பெருகி வருவதே வாசிப்பு. கூட்டல் என்றால் ஒன்று பூஜ்யமானாலும் மற்றது மிஞ்சும், பெருக்கலில் ஒன்று பூஜ்யமானால் எல்லாமே பூஜ்யம். ஜன்னலில் கேட்ட குரலைப் பற்றி எனக்கிருந்த கலக்கத்தை இதைவிடச் சுருக்கமாக வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இரண்டாவது திறமையை, அதாவது மொழியை, குழந்தை வீட்டிலிருந்தே கொண்டுவருகிறது. தாராளமாகக் கொண்டுவருகிறது. ஆனால் அது கொண்டுவருவது ஒரு தமிழ், புத்தகத்தில் இருப்பது இன்னொரு தமிழ். தென்காசிப் பக்கத்துக் குழந்தை "ஆச்சி சந்தைக்குப் போயிருக்கா" என்று சொல்லி வளர்ந்தது. புத்தகம் "பாட்டி சந்தைக்குச் சென்றிருக்கிறார்" என்கிறது. ஒரு நாள் என் வகுப்பில் ஒரு பெண் அந்த மாதிரி ஒரு வாக்கியத்தைப் படிக்கும்போது 'சென்றாள்' என்று அச்சாகியிருந்த இடத்தில் சற்றும் தயங்காமல் 'போனா' என்றாள். பக்கத்திலிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள், "டீச்சர், தப்பு தப்பு" என்றார்கள். எனக்கு அன்று வகுப்பில் நடந்ததிலேயே அதுதான் நல்ல வாசிப்பாகப் பட்டது. எழுத்து அவள் கண் வழியாக உள்ளே போய், பொருளாகி, அவள் வீட்டுத் தமிழில் வெளியே வந்திருக்கிறது. 'சென்றாள்' என்று பிசகாமல் ஒலித்த மற்ற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு யாரோ ஒருத்தி எங்கோ போவது தெரிந்தது என்று எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரிந்தது என்பது மட்டும் உறுதி. கென்னத் குட்மன் என்ற அமெரிக்க ஆசிரியர் 1960களில் பிள்ளைகள் வாய்விட்டுப் படிக்கும்போது செய்யும் பிசகுகளைத் திரட்டி ஆராய்ந்து, அவை குழந்தையின் மனம் வேலை செய்யும் விதத்தைக் காட்டும் என்றார். நம் பள்ளிகளில் இந்த 'போனா'வுக்குச் சிவப்பு மை. இதைத் திரும்பத் திரும்பத் திருத்தினால் குழந்தை கற்றுக்கொள்வது ஒன்றுதான்: புத்தகத்தைத் திறக்கும்போது தன் பேச்சை வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும். பேச்சை விட்டுவிட்டு வருகிற குழந்தை அதோடு தன் புரிதலையும் விட்டுவிட்டு வருகிறது.

இதைச் சொல்லும்போதே எனக்குள் ஒரு மறுப்பும் எழுகிறது, அதை அமுக்கிவிட்டுப் போக மனமில்லை. பொருள் தெரிந்தால் போதும், எழுத்து தானாக வரும் என்று நம்பியவர்களும் பிள்ளைகளுக்குத் தீங்கு செய்திருக்கிறார்கள். படத்தைப் பார்த்து ஊகிப்பதும், முதல் எழுத்தைப் பார்த்து மிச்சத்தை அடித்துவிடுவதும் வாசிப்பாகிவிடாது. 'மாடு' என்று இருக்கும் இடத்தில் படத்தைப் பார்த்து 'பசு' என்று சொல்லும் பிள்ளையையும் 'சென்றாள்' இருக்கும் இடத்தில் 'போனா' என்று சொன்ன அந்தப் பெண்ணையும் மேலோட்டமாகப் பார்த்தால் வேறுபடுத்த முடியாது. அருகில் உட்கார்ந்து கண் எங்கே போகிறது என்று பார்த்தால்தான் தெரியும். அமெரிக்காவில் தேசிய வாசிப்புக் குழு 2000இல் கொடுத்த அறிக்கை, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை முறையாகச் சொல்லிக்கொடுப்பது பலன் தருகிறது என்று உறுதிசெய்தது. என் அனுபவமும் அதுதான். வீட்டில் புத்தகம் இல்லாத பிள்ளைகளுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பள்ளியில் விட்டதை வீட்டில் பிடித்துக்கொள்ளும், மற்றப் பிள்ளைக்குப் பள்ளியில் தவறிய எழுத்து எங்கும் கிடைக்காது. அதனால் ட, ப, ம போன்ற எளிய வடிவங்களில் தொடங்கி, ஓர் எழுத்து வசமான உடனே அதை வைத்து 'படம்', 'பட்டம்' என்று சொல்லாக்கி, நாள்தோறும் கொஞ்சமாக, தவறாமல் எழுத்து சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்பதையும் விடக் கூடாது. அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. எழுத்து வந்த பிறகு கதை என்று ஒத்திவைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. எழுத்து எதற்கு என்று தெரியாமலே இரண்டு வருடம் எழுத்துப் படிக்கும் குழந்தை, எழுத்து வரும்போது ஆசையைத் தொலைத்துவிட்டிருக்கும்.

என் பள்ளிக்கு வந்த பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அம்மாமார் பீடி சுற்றுகிறவர்கள். சொளவில் இலையும் தூளும் வைத்துக்கொண்டு வாசல் நடையில் உட்கார்ந்திருப்பார்கள். கத்தரி இலை வெட்டும் சத்தமும், தெரு முழுக்கக் காரமான புகையிலைத் தூளின் நெடியும். அந்த அம்மாமாரில் ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் மகள் மூன்றாம் வகுப்பு, எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். நான் ஏதோ வேலையாக அந்தப் பக்கம் போனபோது, வழிதவறிய ஆட்டைப் பற்றிய ஒரு சின்னக் கதைப் புத்தகத்தை அவள் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா கை நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். "வெள்ளாடா செம்மறியா?" என்றார் திடீரென்று. பெண் படத்தைப் பார்த்தாள், பிறகு வரிக்குத் திரும்பி வந்து விரல் வைத்துத் தேடினாள். "போடலம்மா." "படத்துல எப்பிடி இருக்கு?" "வெள்ளாடு மாரிதான் இருக்கு." "சரி, பொறவு? ராத்திரி அதுக்கு யாரும் தண்ணி வச்சாங்களா இல்லியா?" பெண் அவசரமாகப் பக்கத்தைத் திருப்பி அடுத்த வரிகளில் தண்ணீரைத் தேடினாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவள் வாய்விட்டுச் சொல்லாமல் படித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பிறகு நிமிர்ந்து அம்மாவிடம் தன் சொந்த வார்த்தையில் விஷயத்தைச் சொன்னாள். நாங்கள் பயிற்சி வகுப்புகளில் பேசும் அத்தனையும் அந்த நடையில் நடந்து முடிந்துவிட்டது. அந்த அம்மா கேட்ட கேள்விக்கும் நான் வகுப்பில் கேட்ட கேள்விகளுக்கும் ஒரு வேறுபாடு இருந்தது. எனக்கு விடை தெரியும், பிள்ளைக்குத் தெரியுமா என்று பார்க்கக் கேட்பேன். அந்த அம்மாவுக்கு உண்மையிலேயே தெரியாது, ஆட்டின் கதி அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. மகளின் கையில் இருந்த அச்சு மட்டுமே அதைச் சொல்ல முடியும். படிக்கத் தெரியாத ஒருவருக்குத் தெரிய வேண்டிய ஒன்று தன் கையில் இருக்கிறது என்பதைவிட ஒரு குழந்தையைப் படிக்கவைக்க வேறு என்ன காரணம் வேண்டும்?

எழுத்துத் தெரிந்தவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பது ஒன்றும் புதிதல்ல. கண்ணூர்ப் பக்கத்துப் பீடிக் கூடங்களில் ஒருவர் பத்திரிகை வாசிக்க, மற்றவர்கள் அவர் பங்குப் பீடியையும் சுற்றிக்கொடுத்த வழக்கம் இருந்தது. நம் ஊர்களில் பெரிய எழுத்து நல்லதங்காள் கதையையும் விக்கிரமாதித்தன் கதையையும் எழுத்துத் தெரிந்த ஒருவர் இரவில் விளக்கடியில் வைத்து வாசிக்க, தெருவே சுற்றி உட்கார்ந்து கேட்டது. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணம் படிக்கும்போது ஒருவர் பாட்டை வாசிப்பார், இன்னொருவர் அதற்குப் பயன், அதாவது பொருள், சொல்வார். பாட்டு ஒரு தமிழ், பயன் இன்னொரு தமிழ். இரண்டும் ஒரே சபையில், ஒன்றை ஒன்று தாழ்த்தாமல், அடுத்தடுத்து. வீட்டில் குழந்தைக்குப் புத்தகம் வாசித்துக்காட்டும்போது எந்தத் தமிழில் வாசிப்பது என்று இளம் தாய்மார்கள் என்னிடம் கேட்பதுண்டு. அச்சில் உள்ளபடியா, பேச்சுத் தமிழில் மாற்றியா? நான் அந்தப் புராண படனத்தை நினைத்துக்கொண்டுதான் பதில் சொல்வேன். வரியை உள்ளபடி வாசியுங்கள், உடனே உங்கள் வீட்டுப் பேச்சில் சொல்லுங்கள், மறுபடி வரிக்குத் திரும்புங்கள். 'சென்றிருக்கிறார்' என்பது முதல் நாள் அந்நியமாக இருக்கும், சில வாரங்களில் குழந்தை பொம்மையிடம் விளையாடும்போது அதைத் தானே சொல்லும். அந்தச் சொல்லைப் பிறகு அச்சில் சந்திக்கும்போது எழுத்து விட்டுவைத்த ஒலியைக் காது நிரப்பிக்கொடுக்கும். ஒரே கதையைப் பத்தாவது தடவையாகக் கேட்கிறதே என்று சலித்துக்கொள்ள வேண்டாம். ஒரு வரியை விட்டுவிட்டுப் போனால் "அது இல்ல, இங்க வேற இருக்கும்" என்று குழந்தை நிறுத்துகிறதல்லவா, எழுத்து மாறாது, யார் வாசித்தாலும் அதே சொல்தான் வரும் என்பது அதற்குப் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். செல்போனில் கதை கேட்கும் குழந்தைக்குக் கதை கிடைக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் "ஆட்டுக்குத் தண்ணி வச்சாங்களா?" என்று அது கேட்டால் செல்போன் நின்று திரும்பிப் பார்க்காது.

பள்ளிக்கூடங்களில் இந்தச் சில ஆண்டுகளில் நல்லது நடந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்கு எழுத்தே தெரியாமல் இருந்தது. 2021இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தது, தெருவிலேயே படித்த பெண்கள் மாலையில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. வகுப்பு எதுவானாலும் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கு என்று அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்தார்கள். அதன் பிறகு வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகச் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களைப் பள்ளிகளுக்கு அனுப்பியது. ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, பெரிய படம், பிள்ளைகளுக்குத் தெரிந்த உலகம். அவற்றைக் கையில் எடுத்தபோது, இவை என் காலத்தில் இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். ஆனால் புத்தகம் வந்துவிட்டால் வாசிக்க நேரம் வர வேண்டுமே. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளப் பதிவோடு மல்லாடும்போது மற்றவர் ஐந்து வகுப்பையும் பார்த்துக்கொள்கிறார். ஒவ்வொரு செயல்பாடும் மதிப்பீட்டில் முடிய வேண்டியிருக்கிறது. வீட்டு வாசலில் வைத்து எழுத்து, சொல், பத்தி, கதை என்று சோதிக்கும் ஏசர் ஆய்வு வருமே என்ற அச்சம் வேறு. சோதனை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், 2005 முதல் அந்த ஆய்வு நாட்டின் முகத்தில் ஓர் உண்மையைக் காட்டியபடி இருக்கிறது. ஆனால் சோதிப்பதையே கற்பிப்பதாக எடுத்துக்கொண்டால், நாள் முழுவதும் குழந்தையை "எங்கே, படி பார்ப்போம்" என்று கேட்டுக்கொண்டே இருப்போம். கேட்கிறவருக்கு அந்தக் கதை தெரிய வேண்டியதில்லை, பிள்ளைக்கு வருகிறதா என்பது மட்டும் தெரிந்தால் போதும். குழந்தைக்கு இது புரியாது என்று நினைக்க வேண்டாம்.

பல பள்ளிகளில் அந்தப் புத்தகங்கள் பீரோவுக்குள் இருக்கின்றன. திறந்தால் புது அச்சு மணம் அப்படியே இருக்கிறது. பூட்டிவைக்கும் தலைமை ஆசிரியர்கள் கெட்டவர்கள் இல்லை. இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள் கிழிந்தாலோ தொலைந்தாலோ தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர், கையிலிருந்து பணம் கட்ட நேருமோ என்ற பயம் அவருக்கு. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தைக் கட்டியெழுப்பிய எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தபோது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதை முதல் விதியாக வைத்தார். ஆறு வயதுப் பிள்ளை பயன்படுத்தினால் புத்தகம் கிழியும், ஓரம் மடங்கும், சோற்றுப் பருக்கை ஒட்டும். அதனால் கல்வித் துறைக்கு என் வேண்டுகோள் இரண்டுதான். தொடக்க வகுப்புக் கதைப் புத்தகங்களைத் தணிக்கைக்குரிய சொத்தாக வைக்காதீர்கள், சாக்பீஸ் போலத் தீரும் பொருளாகக் கணக்கில் எழுத அனுமதியுங்கள், கிழிந்தால் யாரும் விளக்கம் எழுத வேண்டியதில்லை என்று ஒவ்வொரு பள்ளிக்கும் எழுத்திலேயே தெரிவியுங்கள். ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குக் கால அட்டவணையில் தினமும் இருபது நிமிடம் ஒதுக்குங்கள், அதில் ஆசிரியர் வாசிக்கட்டும், பிள்ளைகள் கேட்கட்டும், அந்த இருபது நிமிடத்துக்கு மட்டும் மதிப்பெண்ணோ பதிவோ கேட்காதீர்கள். பெற்றோருக்கும் ஒன்று சொல்வேன். இன்று உங்கள் குழந்தை புத்தகத்தோடு உட்காரும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்தக் கதையில் உங்களுக்குத் தெரியாத ஒன்றைக் கேளுங்கள். பதிலை அது தேடி எடுக்கும் வரை பேசாமல் காத்திருங்கள்.